ஒரே கொடி, இரண்டு சந்தை

ஜனவரி விடியலில் நிபாடின் குளிர் எலும்பைத் துளைக்கிறது. நாசிக் மாவட்டத்தின் இந்தத் திராட்சை வட்டாரத்தில், சில இரவுகளில் விவசாயிகள் தீ மூட்டிக் கொடிகளைக் காக்கிறார்கள். பந்தலுக்குள் குனிந்து நுழைந்தால் தலைக்கு மேல் கொத்துக் கொத்தாக விதையில்லாத் திராட்சை.

குளிரைவிடப் பெரிய பகை அடிச்சாம்பல் நோய். அக்டோபரில் கவாத்து முடிந்தபின் மழை வந்துவிட்டால் மருந்துத் தெளிப்பான்களுக்கு ஓய்வில்லை. அந்த மருந்தில் எவ்வளவு பழத்தில் தங்குகிறது?

2003-ல் இந்தக் கேள்வியை ஐரோப்பா எழுப்பியது. அங்கு போன இந்தியத் திராட்சையில் மெத்தோமில் என்ற பூச்சிக்கொல்லியின் எச்சம் சிக்கியது. உடனே விழித்துக்கொண்டது அரசு. புனேயை அடுத்த மாஞ்சரியில் உள்ள தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையத்தின் மேற்பார்வையில் எச்சக் கண்காணிப்பு தொடங்கியது. 2006-ல் கிரேப்நெட் என்ற கணினிப் பதிவேடும் வந்தது. ஏற்றுமதித் தோட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அறுவடைக்கு முன்பே மாதிரி ஆய்வகத்துக்குப் போகிறது. தேறினால்தான் பழம் கப்பலேறும். தனி வரம்பு வகுக்கப்படாத மருந்துக்கு ஐரோப்பா அனுமதிப்பது கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்; அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு.

அப்படியும் 2010-ல் அடி விழுந்தது. இம்முறை குளோர்மெக்வாட் என்ற வளர்ச்சிக் கட்டுப்படுத்தி. சோதனைப் பட்டியலில் அதன் பெயரே இல்லை. தேடாததை ஆய்வகம் கண்டுபிடிக்காது என்பது அன்று கிடைத்த பாடம்.

ஏற்றுமதிக்குத் தேறாத கொத்துகள் உள்நாட்டுச் சந்தைக்கு வருகின்றன. அங்கே கூடைகள் கலந்ததும் தோட்டத்தின் அடையாளம் அழிந்துவிடுகிறது. அங்கும் கண்காணிப்பு உண்டு. மத்திய வேளாண் அமைச்சகத் திட்டத்தின்கீழ் 2014-15-ல் நாடு முழுவதும் சோதித்த 20,618 உணவு மாதிரிகளில் 18.7 சதவீதத்தில் எச்சம் இருந்தது. வரம்பை மீறியவை 2.6 சதவீதம். பீதிக்குரிய கணக்கல்ல. ஆனால் முடிவு வருவதற்குள் பழம் வயிற்றுக்குள் போய்விடுகிறது. யார் தோட்டத்துப் பழம் என்று தேடிப் போகவும் வழியில்லை.

வாங்குபவரின் கண்ணும் உதவாது. திராட்சை மேல் படிந்த வெண்மையை மருந்து என்று பலர் துடைக்கிறார்கள். அது பழத்தின் இயற்கை மெழுகு. கழுவினால் மேலே ஒட்டியது ஓரளவு போகும். உள்ளே ஊடுருவியது போகாது.

நாசிக் நெடுஞ்சாலையோரக் கடையில் கால் கிலோ வாங்கிப் பேருந்திலேயே குழந்தைக்கு ஊட்டும் தாய்க்குத் தேவை பெரிய விஞ்ஞானம் அல்ல. கப்பலேறும் பெட்டிக்குக் கிடைத்த அந்தத் தோட்ட எண், இந்தக் கூடைக்கும் கிடைத்தால் போதும்.