தலைவி எத்தனை எழுத்து?

'தலைவி' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகூட மூன்று என்று சொல்லிவிடும். பிஎச்பியிடம் கேட்டால் 15 என்கிறது. சற்று வேறு விதமாகக் கேட்டால் 5 என்கிறது. இவற்றில் எதுவும் பொய்யில்லை. சிக்கலே அதுதான்.

ராஸ்மஸ் லெர்டார்ஃப் தம் சொந்த வலைப்பக்கத்துக்காகச் செய்துகொண்ட சிறு கருவிகளை 1995-இல் பொதுவில் வெளியிட்டார். அவற்றிலிருந்து வளர்ந்ததே பிஎச்பி. அதற்கு ஒரு சொல் என்பது பைட்டுகளின் வரிசை, அவ்வளவுதான். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழுக்கோ, யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் மூன்று. த, ல, ஐகாரக் குறி, வ, இகரக் குறி என்று 'தலைவி'க்குக் குறிகள் ஐந்து. ஆகவே பைட்டுகள் பதினைந்து. மனிதர் எண்ணும் மூன்று இந்த இரண்டு கணக்கிலும் இல்லை.

இது வெறும் எண்ணிக்கை விளையாட்டன்று. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் சங்க இலக்கியக் கட்டுரைகள் அடங்கிய தளத்தைப் பராமரிக்கும் பொறுப்பு ஒருமுறை என்னிடம் வந்தது. நிரல் முன்பே யாரோ எழுதிவைத்தது. முகப்பில் ஒவ்வொரு கட்டுரையின் தொடக்கத்தையும் குறிப்பிட்ட நீளத்தில் வெட்டிக் காட்டும். முதலில் பைட் கணக்கில் வெட்டியிருக்கிறார்கள்; வரியின் கடைசியில் கேள்விக்குறி அடைத்த கறுப்பு வைரம் முளைத்திருக்கிறது. பிறகு குறிக் கணக்குக்கு மாற்றியிருக்கிறார்கள். வைரம் மறைந்தது. ஆசிரியர் என்னை அழைத்தார்.

"தம்பி, நான் தலைவி கூற்று என்றல்லவா எழுதினேன்? முகப்பில் 'தலைவ' என்று நிற்கிறதே. திணை மயங்கலாம், ஆள் மயங்கலாமா?"

வகரத்தோடு ஒட்டியிருந்த இகரக் குறியை நிரல் வெட்டி எறிந்திருந்தது. தலைவி போய், தலைவனை விளிக்கும் சொல் வந்துவிட்டது. வைரமாவது பிழை என்று கத்தியது. இந்தப் பிழையோ நல்ல தமிழ்ச் சொல்லாக உட்கார்ந்திருந்தது. இதைக் கண்டுபிடிக்க இலக்கணம் அறிந்த கண் வேண்டும்.

தீர்வு எளிது. பிஎச்பியில் 'இன்டெல்' என்றொரு நீட்சி உண்டு. அதிலுள்ள 'கிராஃபீம்' செயல்கூறுகள் உயிர்க்குறியையும் புள்ளியையும் மெய்யோடு சேர்த்து ஒன்றாகவே எண்ணும். அங்கே 'தலைவி' மூன்றுதான்.

அதைவிடப் பெரிய இழப்பு தேடலில் இருந்தது. 'குறுந்தொகை' என்று தேடினால் சில கட்டுரைகளே வந்தன; ஆசிரியர் எழுதியவையோ ஏராளம். பழைய கட்டுரைகள் திஸ்கி எழுத்துருவில் இருந்து மாற்றப்பட்டவை. திஸ்கியில் கொம்பு முன்னும் கால் பின்னுமாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்து சேமிக்கப்படும். மாற்றிய நிரல் கொம்பைத் தகரத்துக்குப் பின்னே நகர்த்தியது. காலைத் தனியாகவே விட்டுவிட்டது. இன்று நாம் தட்டும் 'தொ'வில் ஒகரக் குறி ஒரே குறி. அந்தக் கட்டுரைகளில் இரண்டு. திரையில் இம்மியும் வேறுபாடில்லை. கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஒருவரின் பல்லாண்டு உழைப்பு தளத்தில் இருந்தும் இல்லாமல் கிடந்தது. அதே நீட்சியின் 'நார்மலைசர்' கொண்டு, சேமித்த உரை, தேடும் சொல் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்ததும் கட்டுரைகள் எழுந்து வந்தன.

அகரவரிசையிலும் இதே கதை. யூனிகோட் எண்படி அடுக்கினால் 'மனம்' வந்த பிறகே 'மயில்' வரும். தொல்காப்பியர் முப்பது எழுத்துகளை அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிக்கிறார். யூனிகோடில் னகரம் நகரத்துக்கும் பகரத்துக்கும் நடுவே இருக்கிறது. தேவநாகரியை அடியொற்றிய இஸ்கி அட்டவணையின் மரபு அது. நமக்கு 'க்' என்பது மூலம்; அதில் அகரம் சேர்ந்தால் 'க'. கணினிக்கு 'க' மூலம். அதில் புள்ளி சேர்ந்தால் 'க்'. 'கொலேட்டர்' என்ற வகுப்பிடம் தமிழ் என்று சொல்லி அடுக்கச் சொன்னால் னகரம் தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.

யூனிகோடை மொழியின் அடித்தளத்திலேயே பதிக்கும் முயற்சியாகத்தான் பிஎச்பி 6 தொடங்கப்பட்டது. 2010-இல் அது கைவிடப்பட்டது. 2015-இல் பிஎச்பி 7 நேரடியாக வந்தது. ஆகவே இன்றும் பிஎச்பிக்குச் சொல் என்பது பைட்டுகளின் வரிசைதான். எதை எண்ணுகிறோம், எங்கே வெட்டுகிறோம் என்று ஒவ்வொரு முறையும் நிரலாளரேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். நிரல் எழுதும் நண்பர்கள் என்னிடம் வழி கேட்கும்போது கையேட்டுக்கு முன் எழுத்திலக்கணத்தைப் புரட்டச் சொல்கிறேன். கேலி என்று நினைத்துச் சிரிக்கிறார்கள்.

கிராஃபீம் கணக்கும் முழுத் தீர்வன்று. 'க்ஷ'வை அது இரண்டாக எண்ணும். வேண்டாத இடத்தில் பிளக்கவும் செய்யும். தொல்காப்பியர் காணாத எழுத்து அது. அதற்கான விதியை நாமேதான் எழுத வேண்டியிருக்கிறது.