எனக்கு எத்தனை மொழி தெரியும்?

மலேசியத் தமிழர் ஒருவரிடம் "உங்களுக்கு எத்தனை மொழி தெரியும்?" என்று கேட்டால், யோசிக்காமல் "மூன்று" என்பார். தமிழ், மலாய், ஆங்கிலம். வட இந்திய நண்பர்களோ வெளிநாட்டு மாணவர்களோ இதைக் கேட்டு வியக்கும்போது நமக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால், ஒவ்வொன்றும் எவ்வளவு தெரியும் என்று நாம் கணக்குப் பார்ப்பதில்லை.

தொழிற்பயிற்சிக்கான விண்ணப்பப் பாரங்களை நிரப்பும் பருவம் இது. எல்லாப் பாரங்களிலும் 'தெரிந்த மொழிகள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பேச்சு, எழுத்து என்று இரண்டு பத்திகள். 'நன்று', 'சுமார்' என்று இரண்டு தேர்வுகள். இந்தச் சிறிய கட்டத்துக்குள் நம் மொழிகள் அடங்குமா என்ற எண்ணம் எழுந்ததால், கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்ற நான்கு திறன்களையும் வைத்து எனக்கென ஒரு பட்டியல் போட்டேன். அளவுகோலாக, ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு படிகளை எடுத்துக்கொண்டேன். நம் நாட்டு ஆங்கிலப் பாடத்திட்டமும் இப்போது அதையே பின்பற்றுகிறது.

முதலில் மலாய். நான் கெடா மாநிலத்துக்காரன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்துவிட்டு, தேசிய இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் சேர்ந்தபோது, புத்தகத்தில் படித்த மலாய் ஒன்று, வகுப்பில் கேட்ட மலாய் வேறொன்று. புத்தகம் 'அவாக்' என்றது. நண்பர்கள் 'ஹங்' என்றார்கள். ஆனால், ஓரிடத்தில் தமிழ்ப்பள்ளி எனக்குக் கைகொடுத்தது. 'கித்தா', 'காமி' இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். நமக்கோ அவை வேறு வேறு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். இந்த வேறுபாட்டை எனக்கு யாரும் விளக்கத் தேவைப்படவில்லை. கடை 'கெடாய்' ஆனதும், கட்டில் 'காத்தில்' ஆனதும், மீசை 'மீசாய்' ஆனதும் தெரிந்த பிறகு, அந்த மொழி எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை. நான்கு திறன்களுக்கும் சி1 போட்டுக்கொண்டேன்.

ஆங்கிலம் வேறு மாதிரி. மின்னியல் பொறியியல் மாணவன் என்பதால் ஆங்கிலத்தில் ஆய்வறிக்கை எழுதுவேன். விரிவுரையாளர் முன் படைப்பும் செய்வேன். ஆனால், அந்த மொழியில் எனக்குக் கோபப்படத் தெரியாது; நகைச்சுவை சொல்லத் தெரியாது. வாசிப்புக்கு சி1, பேச்சுக்கு பி2.

மாண்டரின், விடுதியில் உடன் தங்கிய சீன நண்பர்கள் கொடுத்தது. சாப்பாடு வாங்குவேன், எண்ணுவேன், விலை கேட்பேன். 'வாங்கு', 'விற்பனை செய்' இரண்டுக்குமே அங்கே 'மாய்' என்றுதான் சொல்ல வேண்டும். தொனி மட்டும் மாறும். பேச்சுக்கு ஏ1. எழுத்தில் சுழியம்.

ஜப்பானிய மொழியை விருப்பப் பாடமாக இரண்டு பருவம் எடுத்தேன். அவர்கள் பயன்படுத்தும் சீன எழுத்துகளுக்குக் 'கஞ்சி' என்று பெயர். "கஞ்சி படிக்கிறேன்" என்று வீட்டில் சொன்னபோது, "கஞ்சியைக் குடிப்பாங்க, படிப்பாங்களா?" என்று பாட்டி கேட்டார். அன்றாடப் பயன்பாட்டுக்கென அந்நாட்டு அரசு 2010-இல் வெளியிட்ட பட்டியலில் 2,136 எழுத்துகள் உள்ளன. எனக்குத் தெரிந்தது நூறுக்கும் குறைவு. ஆனால், இலக்கணம் நம் வீட்டு முற்றம் போல இருந்தது. வினை கடைசியில்தான் வரும். நம் 'ஐ' வேற்றுமை நிற்கும் இடத்தில் அங்கே 'ஓ' நிற்கும். 'தாபெதெ மிரு' என்றால் சொல்லுக்குச் சொல் 'சாப்பிட்டுப் பார்'! மொழியறிஞர் சுசுமு ஓனோ இவ்விரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று நெடுங்காலம் வாதிட்டார். மொழியியலாளர் பலர் அதை ஏற்கவில்லை. உறவு உண்டோ இல்லையோ, எனக்குத் தேர்வு எளிதானது. இதற்கும் ஏ1.

கடைசியாகத் தமிழ். பதினோராண்டுகள் படித்த மொழி. இடைநிலைப்பள்ளியில் பள்ளி நேரம் முடிந்த பிறகு, பசியோடு உட்கார்ந்து படித்த மொழி. கண்ணை மூடிக்கொண்டு சி2 என்று எழுதலாம் என்றுதான் தோன்றும். ஆனால், என் பேனா அங்கே சற்று நின்றது. காரணம், சென்ற ஆண்டு நடந்த ஒன்று.

பாட்டிக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. அரசு மருத்துவமனைக்கு நான்தான் துணைக்குப் போனேன். இளம் மருத்துவர் மலாயிலும் ஆங்கிலத்திலும் பொறுமையாக விளக்கினார். பாட்டி என் முகத்தைப் பார்த்து, "டாக்டரம்மா என்னய்யா சொல்றாங்க?" என்றார்.

'இரத்தச் சுத்திகரிப்பு' என்ற சொல் எனக்குத் தெரியும். நாளிதழில் படித்திருக்கிறேன். ஆனால், தோட்டத்தில் பால்மரம் வெட்டி வளர்ந்த, பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கு அந்தச் சொல் எதையும் காட்டாது. அப்போது மருத்துவர் சொன்ன மலாய்ச் சொல் உதவிக்கு வந்தது. 'சூச்சி டாரா'. அதாவது, இரத்தத்தைக் கழுவுதல். "பாட்டி, ஒடம்புல இருக்குற அழுக்க வெளியேத்துற வேலைய கிட்னி செய்ய மாட்டேங்குது. அதனால ஒரு மிசின் வச்சு ரத்தத்தக் கழுவி, திரும்ப ஒடம்புக்குள்ள விடுவாங்க. வாரத்துல மூணு நாள், ஒரு தடவைக்கு நாலு மணி நேரம்."

"கழுவுனா சரியாயிருமா?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் படித்த எல்லாத் தமிழும் தேவைப்பட்டது. பொய் சொல்லக் கூடாது, பயமுறுத்தவும் கூடாது. "கிட்னி பழையபடி ஆகாது பாட்டி. ஆனா நீங்க நல்லா இருக்கலாம். இத நிறுத்தாம செஞ்சுக்கிட்டே இருக்கணும்" என்றேன்.

பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "விடியிறதுக்கு முந்தியே எந்திரிச்சி மரம் வெட்டப் போனவ நானு. மூணு நாளு படுத்துக்கெடக்கவா முடியாது? சரின்னு சொல்லுய்யா" என்றார். நான் மருத்துவரிடம் மலாயில் சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டார்.

இந்த மூன்று மொழி வேலையை எந்தப் படியில் வைப்பது? அந்த அளவுகோல் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. எங்கே நிற்கிறோம் என்பதை அது நேர்மையாகக் காட்டுகிறது. ஆனால், நம் குடும்பங்களில் மொழி தெரிந்த பிள்ளைதான் வங்கிக்கும், நில அலுவலகத்துக்கும், மருத்துவமனைக்கும் துணைக்குப் போகிறது. அந்தப் பிள்ளைக்குத் தேவையான திறன் கேட்டலோ பேசுதலோ மட்டுமல்ல. ஒரு மொழியில் கேட்டதை இன்னொரு மொழியில், எதிரில் இருப்பவருக்குப் புரியும்படி சொல்லும் திறன். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பசார் மலாயும், சீனர் மளிகைக்கடையில் பழகிய ஹொக்கியனும் பேசுவார். எந்தப் பாரத்திலும் அவருக்குக் கட்டம் கிடையாது. அந்த மொழிகளை வைத்துத்தான் ஐந்து பிள்ளைகளை வளர்த்தார்.

தமிழுக்கு நான் போட்ட மதிப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன். கேட்டல், பேசுதல், வாசித்தல் ஆகியவற்றுக்கு சி2. எழுதுதலுக்கு சி1. என் துறையைத் தமிழில் விளக்குவதற்கு பி1. மின்தடை, மின்னோட்டம் வரை ஆரம்பப்பள்ளி கொடுத்திருக்கிறது. அதற்கு மேல் நான்தான் தேட வேண்டும். அந்தத் தேடலை இப்பருவத்தில் தொடங்கியிருக்கிறேன்.

நண்பர்களே, நீங்களும் இப்படியொரு பட்டியல் போட்டுப் பாருங்கள். மருத்துவம், சட்டம், கணக்கியல், எந்தத் துறையானாலும் சரி. பருவ விடுமுறைக்கு ஊர் போகும்போது, உங்கள் பாடத்திலிருந்து பத்துச் சொற்களை வீட்டுப் பெரியவர் ஒருவருக்குத் தமிழில் விளக்கிப் பாருங்கள். எந்தச் சொல்லில் தடுக்கி நிற்கிறீர்களோ, அங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்.