ஒரு ஸ்பூன் கஞ்சி

அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டிய கை இது. மனைவிக்குப் பக்கவாதம் வந்தபோது தூக்குவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நானே. பலமுள்ளவர்கள் பலவீனரைத் தாங்க வேண்டும் என்று பவுல் ரோமருக்கு எழுதினாரே, அதைத்தான் செய்வதாக நினைத்தேன்.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையத்துக்குப் போனோம். பயிற்சி தந்த பெண், "ஐயா, நீங்க ஊட்டாதீங்க. அம்மாவே ஸ்பூனைப் பிடிக்கட்டும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

டாக்டர் மேரி வர்கீஸ் உருவாக்கி, 1966-ல் திறக்கப்பட்ட இடம் அது. 1954-ல் நடந்த விபத்தில் அவருடைய கால்கள் செயலிழந்தன. டாக்டர் பால் பிராண்ட் அவரைப் பாவம் என்று ஒதுக்கிவிடாமல், மறுபடி அறுவை சிகிச்சைக்கு வர ஊக்கம் கொடுத்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கினார் மேரி. தாங்குவது என்றால் இதுதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

வீடு திரும்பியதும் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் வாரம் பாதிக் கஞ்சி புடவையில். நீளப் பார்த்த கையை அடக்குவது லேத் வேலையைவிடக் கஷ்டம்.

இப்போது அவளே சாப்பிடுகிறாள். சில நாள் எனக்கும் பரிமாறுகிறாள்.