அம்மாவின் முதல் வண்டி

லாரி ஓட்டி ஓய்ந்தவர்களிடம் முதல் வண்டியைப் பற்றி மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைய பொழுது அதோடு போய்விடும்.

எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அப்பாவைப் பார்க்க அவருடைய பழைய கூட்டாளிகள் மூன்று பேர் வருவார்கள். எல்லோருக்கும் எழுபது தாண்டிவிட்டது. ராசிபுரத்து மாமாவுக்கு இடது காது கேட்காது. முப்பது வருஷம் என்ஜின் இரைந்த பக்கம் அது. திருச்செங்கோட்டுப் பெரியப்பாவுக்கு கிளட்ச் மிதித்து மிதித்தே முட்டி தேய்ந்துவிட்டது. ஆனால் முதல் வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தால் நாலு பேருக்கும் வயது இறங்கிவிடும். ஒருவருக்கு பெட்போர்டு, ஒருவருக்கு ஃபார்கோ. அப்பாவுக்கு பென்ஸ். டாடா கம்பெனிக்கும் ஜெர்மன் கம்பெனிக்கும் இருந்த ஒப்பந்தம் 1969-இல் முடிந்தபிறகும், எங்கள் பக்கத்தில் டாடா லாரிக்கு ரொம்ப நாள் பென்ஸ் என்றுதான் பெயர்.

அப்பா அதில் கிளீனராக நாலு வருஷம் இருந்தார். 1974-இல் ஒருநாள் இரவு, தர்மபுரி தாண்டியதும் டிரைவருக்குக் காய்ச்சல் தூக்கிப்போட்டது. "நீயே எடுறா" என்று அவர் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார். எதிரே தொப்பூர் கணவாய். பவர் ஸ்டீயரிங் இல்லாத காலம். கியர் மாற்ற ஒவ்வொரு முறையும் கிளட்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். முதல் மிதியில் கியரை விடுவித்து, நியூட்ரலில் என்ஜின் வேகத்தைச் சரிபண்ணி, இரண்டாவது மிதியில் அடுத்த கியரைப் போட வேண்டும். கணக்குத் தப்பினால் பல்சக்கரம் அலறும். "ஏறுற கியர்லதான் எறங்கோணும், பிரேக்கை நம்பாதே" என்று காய்ச்சலோடு டிரைவர் முனகிக்கொண்டே இருந்தாராம். பாரத்தோடு இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். சின்ன கியரில் விட்டால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அடிவாரம் வந்து வண்டியை ஓரங்கட்டியபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது என்பார் அப்பா. இந்த இடத்தில் எப்போதும் ஒரு நிமிஷம் பேச மாட்டார்.

இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருப்பேன். இன்றைக்கும் அலுக்கவில்லை. இன்னொருவரின் வண்டியில் துடைத்தும் தூங்காமலும் கிடந்த பையனுக்கு, பல டன் பாரம் தன் கைக்கு அடங்கிய அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

அடுத்து சொந்த வண்டிக் கதை வரும். 1985, தை மாதம். ஓசூர் தொழிற்சாலையிலிருந்து லேலண்ட் காமெட் சேஸிஸ். சேஸிஸ் என்றால் என்ஜினும் சட்டமும் சக்கரமும் மட்டும்தான். கேபின் கிடையாது, கதவு கிடையாது, முன்னால் கண்ணாடியும் கிடையாது. பலகையைப் போட்டு உட்கார்ந்து, தலையோடு முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு, கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் வழியாக நாமக்கல் பட்டறைக்கு ஓட்டிவர வேண்டும். நாமக்கல்லில் பாடி கட்டுவார்கள். அதற்காகவே வெளி மாநிலங்களிலிருந்தும் இங்கே வண்டி வரும். பனிக்காற்றில் கண்ணில் நீர் வடிய வந்ததை அப்பா சொல்லும்போது கூட்டாளிகள் தலையாட்டுவார்கள். அவரவருக்கு அவரவர் துண்டு ஞாபகம் வரும்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் போனபிறகு, டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் சும்மா கேட்டேன். "உனக்கு மொத வண்டி ஞாபகம் இருக்காம்மா?"

அம்மா திரும்பாமலேயே வண்டி நம்பரைச் சொன்னார். பிறகு என்ஜின் நம்பர். பிறகு சேஸிஸ் நம்பர். என்றோ கைமாறிப்போன ஒரு வண்டியின் மூன்று நம்பர்கள்.

"இதெல்லாம் எப்படிம்மா?"

"எத்தனை பாரத்துல எழுதியிருக்கேன், அம்மிணி."

அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். அம்மா பத்தாவது. பைனான்ஸ் தவணை, இன்சூரன்ஸ், பர்மிட், வருஷத்துக்கொரு எஃப்.சி. என்று வண்டியின் எல்லாக் காகிதமும் அம்மாவின் கையெழுத்தில்தான் இருந்தன. அப்பா ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வர இருபது நாள், சில சமயம் ஒரு மாதம். வெங்காயமோ பருப்போ ஏற்றித் திரும்பி வந்ததும் சட்டைப்பையில் கசங்கிய சீட்டுகளைக் கட்டிலில் கொட்டிவிட்டுத் தூங்கிவிடுவார். டீசல், டயர், படி, வழிச்செலவு என்று அம்மா அவற்றைப் பிரித்து நோட்டில் ஏற்றுவார். லிட்டருக்கு நாலு கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால், என்ஜினில் ஏதோ கோளாறு என்று அப்பாவுக்கு முன்பே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஒருமுறைகூட வண்டியை ஓட்டாத ஒருத்தி, நோட்டை வைத்தே வண்டியின் உடம்பைப் படித்தாள்.

"முன்பணத்துக்கு என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டேன். அப்பாவின் கதையில் அந்தப் பகுதி, "எப்படியோ புரட்டினோம்" என்ற இரண்டு சொல்லில் முடிந்துவிடும்.

"எப்படியோன்னா என்ன? எம்பட பதினாலு பவுனு" என்றார் அம்மா. "காசுமாலை, ரெட்டை வடம், நாலு வளையல். தாலிக்கொடியைக் கழட்டிட்டு மஞ்சக் கயித்துல கோத்துக்கிட்டேன்."

"பூஜை அன்னைக்கு நீ எங்கம்மா இருந்தே?"

அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. புது லாரி, மாலை, சந்தனம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். அப்பா, தாத்தா, அப்பத்தா, பட்டறை மேஸ்திரி. அப்பாவின் தோளில் அண்ணன். வண்டியின் நெற்றியில் அண்ணனின் பெயர். அம்மா இல்லை. அம்மாதான் படம் எடுத்திருப்பாரோ என்று சின்ன வயதில் நினைத்துக்கொள்வேன். எங்கள் வீட்டில் கேமரா இருந்ததே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

"தூரமாயிட்டேன்" என்றார் அம்மா. "வண்டிக்குள்ள சாமி படம் இருக்குதுல்ல. அப்பத்தா வரக்கூடாதுன்னுட்டாங்க. பட்டறைக்கு எதுத்தாப்புல ஒரு புளியமரம் இருந்துது. அதும் அடியில நின்னு பாத்தேன். சக்கரம் எலுமிச்சம்பழத்துல ஏறுற சத்தம் கேக்குதான்னு காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். கேக்கல."

தன் கழுத்தைக் கழற்றிக் கொடுத்து வாங்கிய வண்டியை ஒரு பெண் சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறாள். காரணம், அன்று அவள் உடம்பு செய்துகொண்டிருந்த வழக்கமான வேலை. இதில் அப்பாவையோ அப்பத்தாவையோ கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பத்தாவும் இப்படி எத்தனையோ மரத்தடியில் நின்றவர்தான். ஆனால் நாற்பது வருஷமாக அந்த வண்டிக் கதை எங்கள் வீட்டில் சொல்லப்படுகிறது. அதில் தொப்பூர் இருக்கிறது, பனி இருக்கிறது, துண்டுகூட இருக்கிறது. புளியமரம் இல்லை.

எனக்கும் ஒரு மரத்தடி உண்டு. ஏழெட்டு வயதில் அப்பா என்னை மடியில் உட்காரவைத்து ஊர் எல்லைவரை ஸ்டீயரிங்கைப் பிடிக்க விடுவார். என் கை அகலத்துக்கு எட்டாத வட்டம் அது. என்ஜின் மூடியின் சூடு இடது காலில் அடிக்கும். பன்னிரண்டு வயதில் நான் பெரியவளானேன். அதன்பிறகு வண்டி வந்தால் டிபன் கேரியரைக் கொண்டுபோய்க் கொடுப்பதோடு சரி. பதினைந்து வயதில் அண்ணன் காய்ந்த ஏரியில் வண்டி பழகினான். நான் கரையில் நின்று அவனுக்குத் தண்ணீர் பாட்டில் பிடித்தேன். கற்றுக்கொள்ளக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அப்படி ஒரு கேள்வியே அங்கே எழவில்லை.

சட்டத்தில் தடை எதுவும் கிடையாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் சரக்கு வண்டி ஓட்ட இருபது வயதையும், அதற்கு முன் ஒரு வருஷம் இலகுரக வண்டி உரிமத்தையும் கேட்கிறது. ஆணா என்று கேட்கவில்லை. குமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-இல் அரசுப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் செய்தியை அப்பாதான் எனக்குப் பேப்பரில் காட்டினார், பெருமையோடு. நாங்கள் இருவருமே அதை யாரோ ஒருவரின் வீட்டுச் செய்தியாகத்தான் படித்தோம்.

ஞாயிற்றுக்கிழமைக் கதைகளில் வராத இன்னொன்றும் இருக்கிறது. தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்து லாரி வீடுகளில் பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது அது. நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த கௌசல்யா பெரியசாமிக்கு, லாரி ஓட்டுநரான கணவர் வழியாக எச்.ஐ.வி. தொற்று வந்தது. அவர் ஒளிந்துகொள்ளவில்லை, 1998-இல் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கென்றே சென்னையில் ஓர் அமைப்பைத் தோழிகளோடு தொடங்கினார். எங்கள் தெருவில் அப்படி வாய் திறந்தவர்கள் யாரும் இல்லை. சாலை கொண்டுவந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டவர்கள் வீட்டிலிருந்த பெண்கள். வெங்காய மூட்டையும் அவர்களுக்கு வந்தது, வியாதியும் வந்தது. அதனால்தான் அம்மாவின் காத்திருப்பை வெறும் பாசம் என்று என்னால் எழுத முடியவில்லை. அதில் விபத்துப் பயம் இருந்தது. வாய்விட்டுச் சொல்லாத வேறு பயமும் இருந்தது.

முப்பத்துநாலு வயதில், சேலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு உரிமம் வாங்கினேன். ஒருமுறை அம்மாவையும் அப்பாவையும் தர்மபுரியில் ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப்போனேன். திரும்பும்போது தொப்பூர் இறக்கம் வந்தது. அப்பா பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வாய் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "ஏறுற கியர்ல எறக்கு, அம்மிணி."

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் இருவருக்கும் படித்துக் காட்டினேன். புளியமரம் வந்த இடத்தில் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் சுவரிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அன்னைக்கு நான் உன்ன வரவேண்டாம்னு சொல்லவே இல்லையே" என்றார்.

"வேண்டாம்னு சொல்லலீங்க" என்றார் அம்மா. "வான்னும் சொல்லல."