கைப்பந்தும் கரப்பந்தும்

கையும் கரமும் பொருளால் ஒன்றே என்பதை நம் கல்லூரியில் முதலாண்டு மாணவரும் அறிவர். முன்னது தமிழ், பின்னது வடசொல், அவ்வளவே வேறுபாடு. ஆயினும் அவ்விரு சொற்களுக்கும் இடையே ஒரு கடலும் நாற்பதாண்டுத் துன்பமும் கிடக்கின்றன என்பதை யான் அறிந்தது இலக்கண வகுப்பிலன்று. அம்பத்தூரில் எங்கள் திருச்சபைக் கோயிலின் பின்புறத்து மணல் திடலில்.

சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு எங்கள் வாலிபர் சங்கத்தார் அங்கே கைப்பந்து ஆடுவது வழக்கம். ஈராண்டுகட்கு முன் ஒருநாள் பதினொருவரே வந்திருந்தோம். கோயிற் சுவருக்கு வண்ணம் பூச வந்திருந்தவர்களுள் இளைஞர் ஒருவர், வேலை முடிந்த பின்னும் வீடு செல்லாமல் எங்கள் வலையையே நோக்கிக்கொண்டு நின்றார். "ஓராள் குறைகிறது, வருகிறீர்களா, அண்ணா?" என்று அழைத்தேன். அவர் மறுமொழி ஒன்றும் கூறாமல் மண்ணெண்ணெயில் கையைத் துடைத்துவிட்டு வந்து நின்றார். எங்களுள் ஒருவன் தாறுமாறாய்த் தட்டிய பந்தை அவர் விரல் நுனிகளில் ஏந்தி, வலைக்கு மேலே இரண்டு முழ உயரத்தில், 'எடுத்துக்கொள்' என்பதுபோல் நிறுத்திக் கொடுத்தார். யான் அடித்தேன். அதற்குமுன் அவ்வளவு நன்றாக யான் ஒருநாளும் அடித்ததில்லை. அப்பெருமை என்னுடையதன்று என்பது எனக்கே தெரிந்திருந்தது.

ஆட்டம் முடிந்து குழாயடியில் நீர் அருந்துகையில், "கரப்பந்து விளையாடிக் கனநாள், தம்பி" என்றார். என் தோழர் நகைத்தனர். யான் நகைக்கவில்லை, அது நற்குணத்தாலன்று, தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர்க்கே உரிய சொல்லாராய்ச்சிப் பித்தினால். அருகிலிருத்தி வினவத் தொடங்கினேன். நாம் கால்பந்து என்பதை அவர் வீட்டார் உதைபந்து என்பராம். நாம் பெரும்பாலும் கிரிக்கெட் என்றே விட்டுவிட்ட ஆட்டத்தைத் துடுப்பாட்டம் என்பராம். அவர் அன்னையார் பள்ளிநாளில் ஆடியது வலைப்பந்து. அவ்வாட்டத்தை எம்முள் எவரும் கண்டதேயில்லை. "எந்த ஊர், அண்ணா?" என்றேன். சிறிது தயங்கிப் பின், "புழல், காவாங்கரை" என்றார்.

எங்கள் பக்கத்தில் புழல் என்றால் ஏரி நினைவுக்கு வரும். 2006ஆம் ஆண்டு தொடங்கிச் சிறைச்சாலையும் நினைவுக்கு வருகிறது. அம்பத்தூரிலிருந்து கள்ளிக்குப்பம், புதூர், சூரப்பட்டு வழியாகச் செங்குன்றம் செல்லும் பேருந்தில் யான் பன்முறை சென்றிருக்கிறேன். அவ்வழியின் கோடியிலே ஈழத்தமிழர் முகாம் ஒன்று உண்டென்பதைச் செவியால் அறிவேனேயன்றிக் கண்ணால் அறியேன்.

அவருடைய பெற்றோர் மன்னாரிலிருந்து 1990ஆம் ஆண்டு படகேறி வந்தவர்கள். அவரோ இந்நாட்டில், முகாமிலேயே பிறந்தவர். வேலையிடத்தில் தூய சென்னைத் தமிழ் பேசுவார். மகிழ்ச்சியிலும் சினத்திலும் மட்டும் அன்னையின் வழக்கு தானே நாவில் வந்து நிற்கும். அவர் பெயரை இங்கே எழுதேன். அண்ணன் என்றே குறிப்பேன்.

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் நான்கு அலைகளாக இக்கரை சேர்ந்தோர் மூன்று இலட்சத்திற்கு மேற்பட்டோர் என்பது அரசின் கணக்கு. அவர்களுட் பலர் முதலில் இறக்கப்பெற்ற மண்டபம் முகாமோ, முன்னாளில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்கட்குச் சென்ற நம் கூலியாட்களை நோய்க்காவலில் நிறுத்தி அனுப்பிய இடம். ஒரே வாயில், போனவர்க்கும் அதுவே, வந்தவர்க்கும் அதுவே. இன்னும் முற்காலத்திற்குச் செல்வோமாயின், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதன்முதற் பட்டம் பெற்ற இருவரும் யாழ்ப்பாணத்தார் என்பதையும், அவருள் ஒருவராகிய சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் பதிப்பித்திராவிடின் கலித்தொகை 1887இல் அச்சேறியிராது என்பதையும் நம் வகுப்பு மாணவர் மறத்தல் ஆகாது. அக்காலத்தில் கடல் வழியாயிருந்தது, பிற்காலத்திலேதான் வேலியாயிற்று.

நிற்க. அண்ணன் சனிக்கிழமைதோறும் வரத் தொடங்கியதும் எங்கள் வீட்டில் ஒரு சிறு புயல் எழுந்தது. என் தாத்தா நாசரேத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து 1960களில் அம்பத்தூர்த் தொழிற்சாலையொன்றில் வேலைதேடி வந்தவர். "முகாம்ப் பையனோடு என்ன சேர்க்கை?" என்றார். அவர் கொடியவரல்லர், அஞ்சியவர். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்டபோது, அச்செய்தி பூவிருந்தவல்லிச் சாலை வழியே எங்கள் புறநகர் முழுவதும் ஒரே இரவில் பரவியதையும், அவ்வழக்கு பின்னர்ப் பூவிருந்தவல்லித் தனி நீதிமன்றத்திலேயே ஆண்டுக்கணக்காக நடந்ததையும் கண்டிருந்தவர். ஒரு சிலர் செய்த கொலைக்காக ஓராயிரம் வீடுகளின் கதவுகள் அடைபட்டன. அடைத்தவருள் என் தாத்தாவும் ஒருவர். பிழைக்க வந்த அவரை இவ்வூரில் எவரும் தலையெண்ணியதில்லை. 'எப்போது திரும்பிப் போவீர்?' என்று வினவியதும் இல்லை. இதனை யான் ஒருநாள் துணிந்து கூறினேன். அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

கைப்பந்தின் சிறப்பினை இவ்விடத்தில் சிறிது கூறவேண்டும். 1895ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹோலியோக் என்னும் ஊரிலுள்ள கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் வில்லியம் மார்கன் என்பார் இதனை உண்டாக்கினார். கொழும்புக்கும் இதனைக் கொணர்ந்தது அச்சங்கமே. 1991 தொடங்கி இலங்கையின் தேசிய விளையாட்டும் இதுவே. சென்னையில் 1920ஆம் ஆண்டு ஹாரி பக் என்பார் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நம்மில் அறியாதார் இலர். முகாம் மக்கள் இவ்வாட்டத்தை விரும்புதற்குக் காரணம் எளிது. ஒரு பந்து, ஒரு வலை, இரண்டு கழி போதும். இடமும் சிறிதே வேண்டும். இதனினும் மேலானதொன்று உண்டு. பந்து போடும் உரிமையை மீட்கும்தோறும் அறுவரும் ஓரிடம் மாறி நிற்றல் வேண்டும் என்பது விதி. பின்னே நின்றவன் முன்னே வந்தே தீர்வான். எவனையும் மூலையிலேயே நிறுத்திவைக்க இயலாது. பந்தைக் கையில் தேக்கிவைத்துக்கொள்ளவும் ஆகாது. அடுத்தவனுக்கு அளித்தே ஆகவேண்டும்.

அகதிகட்கும் ஊராருக்கும் விளையாட்டினால் உறவு வளர்க்கலாம் என்று இக்காலத்தில் பலரும் பேசுகின்றனர். ஜூன் 20ஆம் நாளை உலக அகதிகள் தினமென்று கொண்டாடுகின்றனர். அதனையொட்டி எங்கள் சங்கமும் ஒருமுறை 'நல்லெண்ணப் போட்டி' நடத்தியது. முகாம் அணி ஒருபுறம், எங்கள் அணி மறுபுறம். மாலை இட்டார்கள், சொற்பொழிவாற்றினார்கள், நிழற்படம் எடுத்தார்கள். பேச்சு முடிந்ததும் அவர்கள் ஒரு வேனிலும் நாங்கள் எங்கள் மிதிவண்டிகளிலும் திரும்பினோம். ஒருவர் பெயரும் ஒருவர்க்குத் தெரியாது. அன்று யான் கண்டது இது: எதிரெதிரே நிறுத்தினால் வலையே வேலியாய்விடுகிறது. உறவு வேண்டுமாயின் வலைக்கு ஒரே புறத்தில் நிற்கவேண்டும். அண்ணன் எங்கள் புறத்தில் நின்றார். ஆதலின் அவருக்கு முழங்கால் நோவு உண்டென்பதும், பாட்டு வராது என்பதும், என் வலக்கை வீச்சு சற்றே தாமதப்படும் என்பதை என்னைவிட அவர் நன்கறிவார் என்பதும் எங்கட்குத் தெரிந்திருந்தன.

ஒரே புறத்தில் நின்ற பின்னரே மற்றொன்றும் தெரிந்தது. தென்மாவட்டமொன்றில் வாலிபர்க்கான கைப்பந்துப் போட்டி ஒன்றுக்கு அழைப்பு வந்தது. நடத்தியவர் இன்னாரென்று எழுதப்போவதில்லை. அணித்தலைவனாகிய யான் படிவத்தை நிரப்ப அமர்ந்தேன். பெயர், வயது, ஊர் வரையில் எழுதுகோல் தடையின்றி ஓடிற்று. அடுத்த கட்டத்தில் 'குடியுரிமை' என்றிருந்தது. அண்ணனைப் பார்த்தேன், அவர் வலையின் கயிற்றை இறுக்கிக் கட்டுவதில் மிகவும் கருத்தாயிருந்தார். தொலைபேசியில் கேட்டபோது, "இந்தியக் குடிமக்கள் மாத்திரம்" என்று விடை வந்தது. அதனுடன், போட்டி நடக்கும் நாளிலேயே முகாமில் 'செக்கிங்' என்பதும் தெரிந்தது. குடும்பத்தார் அனைவரும் நேரில் நின்று தலையெண்ணப்படும் நாள் அது. முன்னிசைவின்றி வெளியூர் தங்கினால் மாத உதவித்தொகைக்கே இடையூறு நேரலாம்.

அப்பொழுது யான் செய்ததை எழுத நாணுகிறேன், ஆயினும் எழுதுவேன். எங்கள் அணியில் ஒருவனுக்குக் கால் சுளுக்கியிருந்தது. "அண்ணா, செக்கிங்குக்கு முன்னிசைவு கேட்டுக்கொள்ளலாம், நீங்கள் அவன் பெயரில் ஆடுங்கள், யார் அறியப் போகிறார்கள்?" என்றேன். அதுவரை அவர் என்னைச் சினந்ததில்லை. "வேறொருத்தன்ர பேரில விளையாடினா, நான் குடுத்த பந்து ஆற்ற பந்து, தம்பி?" என்றார். என்னிடம் விடை இல்லை. இன்றும் இல்லை.

பின்னர்ச் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். 1987 ஜூலை 1ஆம் நாளுக்கு முன் இம்மண்ணில் பிறந்தோர், சில விலக்குகள் நீங்கலாக, பிறப்பாலேயே குடிமக்கள். அதன்பின் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாயிருத்தல் வேண்டும். 1986இல் மண்டபத்தில் பிறந்தவரான ஒரு பெண்மணி, திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து வந்து, நீதிமன்றத்தின் துணையால் கடவுச்சீட்டுப் பெற்று, 2024 ஏப்ரல் 19ஆம் நாள் வாக்களித்தார். அண்ணன் பிறந்ததோ பதினைந்தாண்டு பிந்தி. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகியவற்றிலிருந்து வந்த சிலர்க்கு வழிவிட்டதேயன்றி இலங்கையைக் கூறவில்லை. 2021 ஆகஸ்டில் நம் மாநில அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை மாற்றி 'மறுவாழ்வு முகாம்' என்றது. பழுதுற்ற வீடுகளைப் புதிதாகக் கட்டவும் பொருள் ஒதுக்கிற்று. அஃது உண்மையாகவே நன்று. அப்போது அம்முகாம்களில் இருந்தோர் 58,000-க்கு மேற்பட்டோர். ஆயினும் குடியுரிமை மாநிலம் அளிப்பதன்று.

உலக அரங்கிலும் இதே இடர் உண்டு. சிண்டி இங்காம்பா என்னும் காமரூன் நாட்டுப் பெண் சிறு பருவத்திலேயே இங்கிலாந்து சேர்ந்து, அங்கே குத்துச்சண்டையில் தேசிய வாகை சூடியவர். குடியுரிமை இன்மையால் பிரிட்டனின் அணியில் அவருக்கு இடமில்லை. 2016இல் பத்துப் பேருடன் தொடங்கிய அகதிகள் ஒலிம்பிக் அணி, 2024இல் பாரிசுக்கு 37 பேரை அனுப்பியது. அவர்களுள் ஒருவராய்ச் சென்று வெண்கலம் வென்றார். அவ்வணி பெற்ற முதற்பதக்கம் அதுவே. அதற்குச் சரியாக நூறாண்டு முன் அதே பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய வீரரை அழைத்துச் சென்றவர் முற்கூறிய சென்னை பக் துரை. செய்தித்தாளில் அவ்வெண்கலச் செய்தியைப் படித்து அண்ணனுக்குக் காட்டினேன். "நல்ல விசயம்" என்றார். "அவவுக்கு ஒரு கொடியாவது குடுத்தாங்களே" என்றும் சேர்த்துக்கொண்டார்.

போட்டிக்கு என்ன செய்தோம் என்று நீங்கள் வினவலாம். சென்றோம். அவரை விட்டுவிட்டுச் சென்றோம். விலகிவிடலாம் என்று ஒருவன் கூறினான், மற்றையோர் பயணச்சீட்டு வாங்கியாயிற்று என்றனர், அணித்தலைவன் வாளாவிருந்தேன். முதற்சுற்றிலேயே தோற்று மீண்டோம்.

வீட்டில் தாத்தா கேட்டார்: "அந்தப் பையனும் வந்தானா?" நடந்ததைக் கூறினேன். நெடுநேரம் பேசாமலிருந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை யான் புழலுக்குப் புறப்பட்டபோது, சலவைச் சட்டை அணிந்துகொண்டு அவரும் வாயிலில் நின்றார்.

முகாமின் குறுந்தெருவில் சிறுவர் செங்கல் துண்டால் நீள்சதுரம் ஒன்று கீறிக் குறுக்கே கோடுகள் இட்டிருந்தனர். கோட்டுக்கு ஒருவராய் மறித்து நிற்க, நடுக்கோட்டில் ஒருவன் மேலும் கீழும் ஓடினான். தாத்தா நின்றுவிட்டார். "இது கிளித்தட்டல்லவா!" என்றார். சென்னையில் இத்தனை ஆண்டுகளில் அச்சொல்லை அவர் வாயிலிருந்து யான் கேட்டதில்லை.

தேநீர்க் குவளையுடன் வந்த அண்ணனின் அன்னையார், "ஓம் ஐயா, கிளித்தட்டுத்தான். தாச்சி எண்டும் சொல்லுவம். உங்கட ஊரிலயும் இருக்கோ?" என்றார்.

"எங்கள் ஊரிலிருந்துதான் உங்கள் ஊருக்கு வந்திருக்கும்" என்றார் தாத்தா.

"இல்லை ஐயா, எங்கட ஊரில இருந்துதான்" என்றார் அவ்வம்மையார். வழக்கு முடியவில்லை. எழுபத்தெட்டு வயதில் தாத்தா செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு ஒரு கோட்டின்மேல் போய் நின்றார், சிறுவர் ஆரவாரித்தனர்.

அண்ணன் என் அருகில் வந்து அமர்ந்தார். போட்டியைப் பற்றி அவர் கேட்கமாட்டார் என்று எண்ணியிருந்தேன், கேட்டார். "இரண்டாவது செட்டில பந்து தூக்கிக் குடுத்தது ஆர்?" கால் சுளுக்கியிருந்தவனின் பெயரைச் சொன்னேன். "அவன் குடுத்தா உயரம் போதாது, நீ முன்னாலயே குதிச்சிருப்ப" என்றார். அவ்வாறே நேர்ந்தது என்றேன். அதற்குள் ஆறு வயதுச் சிறுமியொருத்தி தாத்தாவின் கைக்கு அடியிற் புகுந்து கோட்டைக் கடந்துவிட்டாள், "விட்டிட்டியள் ஐயா, விட்டிட்டியள்!" என்று அன்னையார் கூவினார்.