முடி வளர்ந்த பிறகு

சைதாப்பேட்டை மார்க்கெட்டில் ஒரு பெண் மொட்டைத் தலையோடு காய் வாங்கினால் யாரும் திடுக்கிட மாட்டார்கள். "திருப்பதியாக்கா, பழனியா?" என்பார்கள். கீமோவில் முடி கொட்டியவருக்கு இது பெரிய வசதி. "திருப்பதி" என்று சொல்லிவிட்டுக் கீரைக்கட்டோடு நடையைக் கட்டலாம்.

சிக்கல், முடி வளர்ந்த பிறகுதான். சிலருக்கு அது முன்பில்லாத சுருளோடு முளைக்கும். பார்த்ததும் வீட்டுக்கு நிம்மதி. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் ஆயிற்று. துணைக்கு வந்த அக்கா ஊருக்குக் கிளம்பியாயிற்று. அடுப்படி பழையபடி சிகிச்சை முடித்தவர் பொறுப்பு. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களில் பலர் ஆற அமரப் பயப்படத் தொடங்குவதே அப்போதுதான்.

தானே புற்றுநோய்க்கு ஆளான அமெரிக்க டாக்டர் ஃபிட்ஸ்ஹக் முல்லன் 1985இல் இதைப் பற்றி எழுதினார். மூழ்குகிறவரைத் தூக்கக் கற்றுக்கொண்ட மருத்துவம், கரையில் போட்டதும் வேலை முடிந்ததென்று போய்விடுகிறது என்பது அவர் குறை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தைப் பார்த்த சைதாப்பேட்டைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மீட்புப் படகு போன பிறகு வீட்டுக்குள் கிடந்த சேற்றை அள்ளியது யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதே ஆற்றின் மேல் மறைமலை அடிகள் பாலத்தைக் கடந்து, ஆளுநர் மாளிகை, காந்தி மண்டபம் வழியாகப் போனால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. மறு ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை அங்கேயே இருந்தார். அன்று பிழைப்பாரா என்பதே கேள்வி. இன்று பிழைத்து, செக்கப்புக்கு வருகிறவர்கள் ஏராளம்.

பொதுவாக முதல் சில ஆண்டுகளுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப். மேமோகிராம் ஆண்டுக்கு ஒன்று. தேதி நெருங்க நெருங்க உடம்பு வேறு மாதிரி பேசும். துணி துவைத்ததால் வந்த முதுகுவலி, எலும்புக்குப் பரவிவிட்டதோ என்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பும். டாக்டர் "நார்மல்" என்றதும் வலி பஸ் ஸ்டாப்பை அடைவதற்குள் காணாமல் போகும். இதை வீட்டில் சொன்னால் "எல்லாம் சரியாயிடுச்சே, ஏன் போட்டுக் குழப்பிக்கறே?" என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், வாயை அடைக்க அதைவிட நல்ல வழி இல்லை.

ஹார்மோனால் வளரும் வகை என்றால் டமாக்ஸிஃபென் போன்ற மாத்திரை ஐந்து ஆண்டு, சிலருக்குப் பத்து. திடீரென்று உடம்பெல்லாம் கொதித்து வேர்க்கும். கத்திரி வெயிலில் அது மாத்திரையா, மெட்ராஸா என்று யார் கண்டார்கள்!

அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தால் அந்தக் கை வீங்கலாம். முதலில் காட்டிக்கொடுப்பது வளையலும் ரவிக்கைக் கையும்தான். வெயிட் தூக்கவே கூடாது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். லாரித் தண்ணீர் பிடிக்கும் தெருவில் அது நடக்கிற காரியமா? நல்ல வேளை, ஆய்வாளர் கேத்ரின் ஷ்மிட்ஸின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், முறையான மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டிப் பயிற்சி செய்த பெண்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை. ஆகவே குடமே கூடாது என்றில்லை. பிசியோதெரபிஸ்டைக் கேட்டுப் படிப்படியாகப் பழகலாம்.

நடிகை கௌதமி தன் நோயை வெளிப்படையாகப் பேசி, 'லைஃப் எகெய்ன்' என்று ஓர் அமைப்பையும் தொடங்கினார். சாதாரண வீடுகளில் இன்னும் மூடித்தான் வைக்கிறார்கள், மகள் கல்யாணம் தடைபடுமே என்று. மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான். ஆனாலும் சம்பந்தி வீட்டுக்குத் தெரியாவிட்டாலும் மகளுக்குத் தெரிந்தே ஆகவேண்டும். அம்மாவுக்கு 45 வயதில் வந்திருந்தால், மகள் 35 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்குவது பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டியிருக்கும்.