சொன்னவர் யார்?

அரபு இலக்கணமும் தமிழும் கற்பித்துக் காலந்தள்ளும் ஒருவனுடைய நூலடுக்கில், தஃப்ஸீர்களுக்கும் அகராதிகளுக்கும் கீழ்வரிசையில் கொலை வழக்குகளைப் பற்றிய நூல்கள் நிற்பதைக் காண்போர் முதலில் வியப்படைகின்றனர். பின்னர் முகம் சுளிக்கின்றனர். நண்பர்கள் இருவர் வெளிப்படையாகவே கேட்டிருக்கின்றனர். "பிறர் குற்றத்தைத் துருவித் துருவி அறிவது புறம் பேசுதலின் உடன்பிறப்பு அல்லவா?" என்பது ஒருவர் கேள்வி. "வரலாறுதான் வேண்டுமெனில் பேரறிஞர்களின் நூல்கள் இருக்க, பொதுமக்களின் பொழுதுபோக்குக்காக எழுதப்படும் வரலாறுகள் எதற்கு?" என்பது மற்றவர் கேள்வி. இரண்டும் நியாயமான கேள்விகளே. இவ்வகை நூல்களில் விலக்கத்தக்கவை உண்டு; வீட்டில் பிள்ளைகளின் கையில் துணிந்து கொடுக்கத்தக்கவையும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய ஓர் உரைகல் வேண்டும். அவ்வுரைகல் எனக்குக் கிடைத்த இடம் மதரஸா.

ஹதீஸ் கலை ஓதியவர்க்கு ஒரு பழக்கம் படிந்துவிடும். ஒரு செய்தி காதில் விழுந்தால், "என்ன சொல்லப்பட்டது?" என்பதற்கு முன்பே, "சொன்னவர் யார்? அவருக்குச் சொன்னவர் யார்? இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்து சந்தித்தவர்களா? அவருடைய நாணயமும் நினைவாற்றலும் எத்தகையன?" என்று மனம் வினவத் தொடங்கிவிடும். அறிவிப்பாளர் தொடரை இவ்வாறு நிறுத்துப் பார்க்கும் முறையை வரலாற்றாசிரியர்களும் கைக்கொண்டனர். கி.பி. 923 இல் மறைந்த இமாம் தபரீ, ஒரே நிகழ்ச்சியைப் பற்றி ஒன்றோடொன்று முரண்படும் அறிவிப்புகளையும் அவரவர் பெயரோடு அடுத்தடுத்து வைத்துச் செல்வார். தம் விருப்பத்துக்கேற்ப ஒன்றை மறைத்து மற்றொன்றைப் பளிச்சிடச் செய்யமாட்டார்.

இப்னு கல்தூன் இதற்கு மேலும் ஒருபடி சென்றார். 1377 இல் அவர் எழுதிய முகத்திமாவில், சொன்னவர் நல்லவர் என்பது மட்டும் போதாது, சொல்லப்பட்ட செய்தி நடக்கக்கூடியதுதானா என்றும் பார்க்க வேண்டும் என்றார். மூஸா நபியின் படையில் ஆறு இலட்சம் வீரர் இருந்ததாக மஸ்ஊதீ போன்றோர் எழுதியதை எடுத்துக்கொண்டு, அத்தனை பேரை ஒரு களத்தில் அணிவகுக்க இயலுமா, ஓர் ஓரத்தில் நிற்பவனுக்கு மறு ஓரத்தில் நடப்பது தெரியுமா என்று எளிய கேள்விகளால் அந்த எண்ணிக்கையைக் கலைத்துவிட்டார். யார் சொன்னார், நடக்கக்கூடியதா என்னும் இவ்விரு கேள்விகளையும் துணையாகக் கொண்டே நான் இந்நூல்களுக்குள் நுழைகிறேன்.

இவ்வகை எழுத்தின் தாய்நூலாகப் பலராலும் போற்றப்படுவது அமெரிக்கரான ட்ரூமன் கபோட்டியின் 'இன் கோல்ட் பிளட்'. 1959 நவம்பர் 15 அன்று, கான்சஸ் மாநிலத்தில் ஹோல்கம் என்னும் சிற்றூரில், கிளட்டர் என்னும் விவசாயியும் அவர் மனைவியும், பதினாறு வயது மகளும் பதினைந்து வயது மகனும் வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். வீட்டில் இரும்புப் பெட்டி நிறையப் பணம் இருக்கிறது என்று சிறையில் கேட்ட பேச்சை நம்பி வந்த இருவர் செய்த கொடுமை அது. பெட்டியும் இல்லை, பணமும் இல்லை. அவர்கள் கொண்டுபோனது ஐம்பது டாலருக்கும் குறைவு. ஆதாரமற்ற ஒரு சொல் நான்கு உயிரைக் குடித்தது என்னும் இச்செய்தி, என்னைப் போன்ற ஓர் ஆசிரியனுக்கு ஆயிரம் பாடங்களுக்குச் சமம்.

கபோட்டி ஆண்டுக்கணக்கில் அங்கே சென்று விசாரித்தார். கொலையாளிகளோடு சிறையில் பழகினார். 1965 ஏப்ரல் 14 அன்று அவ்விருவரும் தூக்கிலிடப்பட்டனர். அந்த முடிவுக்காகவே அவருடைய நூல் காத்திருந்தது. அவ்வாண்டே 'நியூ யார்க்கர்' இதழில் தொடராக வந்து, மறு ஆண்டு நூலாகிப் பெரும்புகழ் பெற்றது. நடை அழகுக்குக் குறைவே இல்லை. கதிர் ஆடும் வயல்வெளியும், தொலைவில் ஓடும் இரயிலின் ஓசையும் நம் கண்ணுக்கும் செவிக்கும் எட்டுகின்றன.

ஆனால் அந்நூலில் சொன்னவர் யார் என்பது தெரிவதில்லை. மூடிய அறைக்குள் இருவர் பேசியது வரிக்கு வரி வருகிறது. யார் கேட்டுச் சொன்னது என்ற குறிப்பு இல்லை. ஆசிரியரோ உரையாடலின்போது குறிப்பெடுப்பதில்லை, எல்லாம் என் நினைவில் நிற்கும் என்று பெருமை கொண்டவர். தம் நூல் முழுவதும் மெய்யே என்றும் சாதித்தவர். நூலின் இறுதியில், துப்பறிந்த அதிகாரி கல்லறைத் தோட்டத்தில் கொலையுண்ட பெண்ணின் தோழியைச் சந்தித்து உரையாடுகிறார். உள்ளத்தை உருக்கும் பகுதி அது. அப்படி ஒரு சந்திப்பு நிகழவே இல்லை. ஆசிரியர் புனைந்து சேர்த்தது. கபோட்டியின் வாழ்க்கை வரலாற்றை 1988 இல் வெளியிட்ட ஜெரால்ட் கிளார்க் இதனைப் பதிவு செய்திருக்கிறார். கதையாசிரியர் புனைவது குற்றமன்று. புனைந்ததை மெய்யென்று விற்பதே குற்றம். மேலும் அந்நூலை மூடிய பிறகு நம் நெஞ்சில் நிற்பவர் கொலையாளிகள். மாண்ட நால்வரும் மங்கலாகிவிடுகின்றனர்.

இக்குறை எனக்கு ஏன் இத்தனை ஆழமாக உறைக்கிறது என்பதற்கு எங்கள் குடும்பத்தில் ஒரு காரணம் உண்டு. கபோட்டியின் நூலுக்கு முன்பே நம் நாட்டில் கொலைச்சிந்து இருந்தது. எங்கேனும் ஒரு கொலை நடந்தால், சில நாளில் நான்கைந்து தாளில் மலிவாக அச்சிட்ட பாட்டுப் புத்தகம் சந்தைக்கும் திருவிழாவுக்கும் வந்துவிடும். பாடியே விற்பார்கள்.

என் உம்மாவின் உம்மாவுக்கு ஒரு தமையனார் இருந்தார். ஜவுளி மூட்டையைத் தோளில் சுமந்து சந்தை சந்தையாகச் சென்று விற்றவர். ஒருநாள் சந்தை கலைந்து திரும்பும் வழியில் அவரைக் கொன்று பணப்பையைப் பறித்துச் சென்றனர். வழக்கு நடந்தது; பணத்துக்காகச் செய்த கொலை என்றே முடிந்தது. ஆனால் பணத்துக்காகச் செய்த கொலை பாட்டில் விலைபோகாது. அவர் கடை விரித்த அதே சந்தையில் விற்ற சிந்தில், நீதிமன்றத்தில் எவரும் சொல்லாத ஒரு பெண் வந்து சேர்ந்தாள். மோனைக்காக வந்த அப்பெண்ணை ஊர் நம்பிற்று. அவர் மகளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் நின்றுபோயிற்று. இத்தா முடிந்ததும் அவர் மனைவி மகளை அழைத்துக்கொண்டு பிறந்த ஊருக்குப் போனவர், பிறகு எங்களூர் மண்ணை மிதிக்கவில்லை. கொலைகாரன் ஓர் உயிரை எடுத்தான். பாட்டுக்காரன் மீந்திருந்த மானத்தை எடுத்தான் என்று உம்மும்மா சொல்வார்கள்.

தமையனார் இறந்த விதத்தை அவர்கள் ஒருபோதும் விவரித்ததில்லை. அவர் வாழ்ந்த விதத்தையே சொல்வார்கள். கடனுக்குத் துணி வாங்கியவர் கணக்கை வீட்டுச் சுவரில் கரியால் குறித்து வைப்பாராம். பெயர் எழுதமாட்டாராம். கோடும் புள்ளியுமாக அவருக்கே விளங்கும் அடையாளம் மட்டும் இருக்கும். வீட்டுக்கு வருவோர் போவோர் கண்ணில் பட்டால் கடன்பட்டவருக்கு வெட்கமல்லவா என்பாராம். அவர் மறைந்தபின் அக்கோடுகளைப் படிக்க எவராலும் இயலவில்லை. ஆயினும் சிலர் தாமாக வந்து, "இன்ன கோடு என்னுடையது" என்று சொல்லிப் பணத்தை வைத்துவிட்டுச் சென்றனராம். பிறர் பெயரை இவ்வளவு பேணிய மனிதரின் பெயர் சந்தையில் காசுக்கு விலையாயிற்று.

சட்டத்தின் தீர்ப்பே மாறினாலும் ஊர்ப்பேச்சு மாறாது என்பதற்குத் தமிழகம் அறிந்த சான்றும் உண்டு. பிறர் அந்தரங்கங்களை இதழில் எழுதிவந்த லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் தாக்கப்பட்டு மாண்டார். அவ்வழக்கில் 1945 இல் தண்டனை பெற்ற தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும், இலண்டன் பிரிவி கவுன்சில் வரை முறையிட்டு, 1947 இல் உயர்நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். விடுதலைக்குப் பிறகு பாகவதருக்குப் பழைய வாழ்வு திரும்பவில்லை. இவ்வழக்கைப் பற்றி எழுதுவோரில் எத்தனை பேர் தீர்ப்பைப் படித்துவிட்டு எழுதுகின்றனர், எத்தனை பேர் கேள்விப்பட்டதையே சுவைபட எழுதுகின்றனர் என்பதை வாசகர்தாம் கவனித்துப் பார்க்க வேண்டும்.

இனி, நான் மதிக்கும் நூல் ஒன்று. 1888 ஆகஸ்ட் 31 முதல் நவம்பர் 9 வரை இலண்டன் மாநகரின் கீழ்ப்பகுதியில் ஐந்து பெண்கள் கொல்லப்பட்டனர். கொன்றவன் எவன் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. அவனுக்குப் பட்டப்பெயர் சூட்டி, அவனைப் பற்றி மலைமலையாக நூல்கள் எழுதிவிட்டனர். ஹேலி ரூபன்ஹோல்ட் என்னும் பெண்மணி 2019 இல் 'தி ஃபைவ்' என்ற நூலை எழுதினார். அதில் அக்கொலைகாரனைத் தேடவே இல்லை; கொலைகளையும் விவரிக்கவில்லை. அந்த ஐவரும் பிறந்தது, மணந்தது, பிள்ளை பெற்றது, வறுமையாலும் குடியாலும் வீடிழந்தது ஆகியவற்றையே விசாரணை ஏடுகளிலிருந்தும் பதிவேடுகளிலிருந்தும் திரட்டித் தந்தார்.

ஐவரும் விலைமகளிர் என்றே நூற்றாண்டுக்கு மேலாக உலகம் சொல்லிவந்தது. அவர்களுள் மூவரைப் பற்றி அவ்வாறு சொல்ல ஆதாரமே இல்லை என்று அவர் வாதிடுகிறார். அன்றைய காவலரின் ஊகத்தைச் செய்தித்தாள் எடுத்தது. செய்தித்தாளை நூலாசிரியர் எடுத்தார். அவரைப் பின்வந்தவர் எடுத்தார். தொடர் நீண்டதேயன்றி அதன் தலையில் கண்டறிந்த சாட்சி ஒருவரும் இல்லை. எங்கள் உஸ்தாதுமார் இத்தகைய அறிவிப்பை ஒரு சொல்லில் தள்ளியிருப்பர்.

அப்பெண்களிடம் இறுதியாக இருந்த பொருள்களின் பட்டியல் காவலர் ஏட்டில் இருக்கிறது. ஒருவரிடம் ஒரு சீப்பு, ஒரு கைக்குட்டை, உடைந்த கண்ணாடித் துண்டு. கேதரின் எட்டோஸ் என்பவரிடம் சிறு தகரப் பெட்டிகளில் தேயிலையும் சர்க்கரையும், ஊசிகளும், தையற்காரர் விரலில் அணியும் கூடும். அவர் ஒரு காலத்தில் தம் துணைவரோடு ஊர் ஊராக மலிவுப் பாட்டுப் புத்தகம் விற்றுப் பிழைத்தவர் என்று படித்தபோது, எங்கள் சந்தைச் சிந்து நினைவுக்கு வந்து சற்று நேரம் நூலை மூடி வைத்தேன்.

பொதுமக்களுக்கான வரலாறு தரம் குறைந்தது என்ற நண்பருக்கு, டேவிட் கிரான் 2017 இல் எழுதிய 'கில்லர்ஸ் ஆஃப் தி ஃபிளவர் மூன்' நூலைக் காட்டுவேன். ஓக்லஹோமாவில் ஓசேஜ் என்னும் செவ்விந்தியப் பழங்குடியினரின் நிலத்தடியில் எண்ணெய் கிடைத்து அவர்கள் பெருஞ்செல்வராயினர். எண்ணெய் வருவாயின் பங்கை விற்க இயலாது, வாரிசுக்கே சேரும். எனவே வாரிசாவதற்காக மணந்தனர். மணந்த பின் கொன்றனர். மோலி பர்க்ஹார்ட் என்ற பெண் தம் சகோதரிகளை ஒவ்வொருவராக இழந்தார். அச்சதியில் அவர் கணவனே உடந்தை. கணவன் 1926 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டான். சூத்திரதாரியான வில்லியம் ஹேல் என்னும் செல்வன் 1929 இல் தண்டனை பெற்றான்.

மற்றவர் அத்தோடு நூலை முடித்திருப்பர். கிரான் ஆவணக் காப்பகத்துக்குச் சென்றார். ஓசேஜ் மக்களின் சொத்துக்கு அரசு நியமித்த பாதுகாவலர் ஏட்டில், ஒவ்வொரு பாதுகாவலர் பெயருக்குக் கீழும் அவர் பொறுப்பில் இருந்தோர் பெயர்கள். அவற்றுள் பலவற்றின் பக்கத்தில் 'இறந்தார்' என்னும் ஒரே சொல். அரசு கணக்கிட்டது 24 கொலைகள். உண்மை அதைவிட மிகப் பெரிது என்பதை அந்த வறண்ட ஏடு காட்டிவிட்டது. எந்தத் தாளில் எதைக் கண்டேன், எதை நிறுவ இயலவில்லை என்று அவர் பிரித்தே சொல்கிறார். இது பொழுதுபோக்கு என்றால், நம் பொழுது இவ்வாறே போகட்டும்.

புறம் பற்றிக் கேட்ட நண்பருக்கும் என் விடை இதுவே. மாண்டவர் எழுந்து வந்து மறுக்க இயலாதவர். அவரைப் பற்றி ஆதாரமின்றிப் பேசுவது புறத்தினும் கொடிது. ஆனால் அவர்மீது படிந்த பொய்யைத் துடைப்பது சாட்சியம். சாட்சியத்தை மறைக்கலாகாது என்றே நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

சென்ற ஆண்டு, எங்களூர் வரலாற்றைத் தொகுத்துவரும் இளைஞர் ஒருவர் வீட்டுக்கு வந்து, அந்த ஜவுளி வணிகரின் கொலையைப் பற்றிச் சொல்லுமாறு கேட்டார். அவர் கையில் சிந்தின் படி ஒன்று இருந்தது. குடும்பத்தில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. "ஆறிய புண்ணைக் கிளறாதே" என்றார்கள் என் மாமா. "நாம் வாய் திறக்காவிட்டால் சிந்து மட்டுமே வரலாறாகிவிடும், வாப்பா" என்றாள் என் மகள். மாமாவை மீறி நான் எதுவும் செய்யவில்லை; நான்கைந்து முறை போய் அமர்ந்து பேசினேன். இறுதியில் அவர்களே இளைஞரை அழைத்து வரச் சொன்னார்கள். சிந்தைச் சிந்து என்றே குறிக்க வேண்டும், தீர்ப்பைத் தீர்ப்பு என்றே குறிக்க வேண்டும், நாங்கள் சொல்வதை இன்னார் சொன்னது என்றே எழுத வேண்டும் என்று மூன்று நிபந்தனை விதித்தார்கள்.

அவ்விளைஞர் எழுதிய கைப்பிரதி இப்போது என் முன் இருக்கிறது. கொலைக்கு அதில் ஆறு வரி. கரிக்கோட்டுக் கணக்குக்கு ஒரு பக்கம். அப்பக்கத்தின் அடியில் இவ்வாறு காண்கிறது: சொன்னவர், அவருடைய தங்கை, தங்கையிடம் கேட்டவர், அவருடைய மகன், மகன் சொல்ல எழுதியது. என் மாமா அவ்வரியை விரலால் தொட்டு இருமுறை படிக்கச் சொன்னார்கள்.